நிரூபித்த பூட்டுகள் உடைந்த கதை

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோதே, "ஹாஸ்டல் நினைவுகள் வேண்டாம், அதை எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். உன் தொழிலைப் பற்றி எழுது" என்று சொல்லிவிட்டார்கள். என் தொழில், மின்சார மீட்டர், கார்டு தேய்க்கும் மெஷின் போன்ற சின்னப் பெட்டிகளுக்குள் ஓடும் மென்பொருள் எழுதுவது. அந்தப் பெட்டிகளின் வயிற்றுக்குள் ஒரு பூட்டு இருக்கிறது. அதற்குப் பெயர் பிளாக் சைஃபர். அதன் சரித்திரத்தில் ஒரு பகுதியைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

ஏன் இந்தப் பகுதி என்றால், என் மேஜைக்கு வரும் விளம்பரத் தாள்களில் "பாதுகாப்பு நிரூபிக்கப்பட்டது" என்ற வாசகத்தை அடிக்கடி பார்க்கிறேன். கணக்கில் நிரூபித்துவிட்டார்கள் என்றால் நம்மைப் போன்ற பி.இ. ஆசாமிகள் கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கிவிடுவோம். பித்தகோரஸ் தேற்றத்தை யாராவது உடைத்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறோமா? ஆனால் பிளாக் சைஃபர் சரித்திரத்தில், தேற்றத்தோடு பிறந்த பூட்டுகள் சில வருடங்களிலேயே உடைந்திருக்கின்றன. வேடிக்கை என்னவென்றால், பூட்டு உடைந்த பிறகும் தேற்றம் சரியாகவே இருந்தது!

முதலில் பிளாக் சைஃபர் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். 64 பிட்டோ 128 பிட்டோ கொண்ட ஒரு செய்தித் துண்டை உள்ளே போட்டால், அதே நீளத்துக்கு அர்த்தமில்லாத ஒரு துண்டு வெளியே வரும். எப்படிக் கலைப்பது என்பதை ஒரு ரகசியச் சாவி முடிவு செய்கிறது. சாவி இருந்தால் திரும்பவும் நேராக்கலாம். சாவி இல்லாதவன் கண்ணுக்கு, யாரோ சீட்டுக் கட்டைக் குலுக்கிப் போட்டது மாதிரி மட்டுமே தெரிய வேண்டும். எதிர்பார்ப்பு அவ்வளவுதான். பூட்டின் அமைப்பு ஊருக்கே தெரிந்திருக்கலாம், சாவி மட்டும்தான் ரகசியம் என்ற விதியை 1883-லேயே கெர்க்காஃப்ஸ் என்பவர் எழுதிவைத்துவிட்டார்.

ஷானன் 1949-இல் வெளியிட்ட கட்டுரையில், எவனாலும் எந்தக் காலத்திலும் உடைக்க முடியாத சங்கேதம் உண்டு என்று நிரூபித்தார். ஆனால் அதற்குச் செய்தி எவ்வளவு நீளமோ சாவியும் அவ்வளவு நீளம் வேண்டும், ஒரு தடவைக்கு மேல் அதைப் பயன்படுத்தவும் கூடாது. பத்து மூட்டை அரிசியைப் பூட்டப் பத்து மூட்டை சாவி என்றால் யார் வாங்குவார்கள்? ஆகவே குட்டிச் சாவியை வைத்துக்கொண்டு பெரிய செய்திகளைப் பூட்டியாக வேண்டும். அங்கேயே "எவனாலும் முடியாது" என்ற பேச்சு முடிந்துபோய், "இன்ன திருடனால், இவ்வளவு நேரத்தில் முடியாது" என்ற பேச்சு ஆரம்பமாகிவிட்டது.

எந்தத் திருடன்? இங்கேதான் விஷயமே இருக்கிறது. பூட்டிய செய்தியை ஒட்டுக் கேட்க மட்டும் முடிந்தவன் ஒரு ரகம். சில செய்திகளின் மூலமும் அவன் கையில் கிடைத்துவிட்டால் அவன் இன்னும் கொஞ்சம் பலசாலி. தான் விரும்பும் செய்தியை நம்மைக் கொண்டே பூட்ட வைத்து, வெளியே வருவதைப் பார்ப்பவன் அதற்கும் மேலே. "இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்று கேட்கலாம். 1942 மே மாதம் நடந்தது. ஜப்பானியர்களின் சங்கேதத்தில் 'ஏ.எஃப்.' என்று ஓர் இடம் அடிபட்டுக்கொண்டிருந்தது. அது மிட்வே தீவுதானா என்று அமெரிக்கக் கடற்படையினருக்கு உறுதி வேண்டியிருந்தது. மிட்வேயில் குடிநீர் சுத்திகரிக்கும் இயந்திரம் பழுது என்று வேண்டுமென்றே சாதாரண மொழியில் வானொலியில் சொல்ல வைத்தார்கள். ஜப்பானியர்கள் அதை ஒட்டுக் கேட்டு, 'ஏ.எஃப்.' இடத்தில் தண்ணீர்த் தட்டுப்பாடு என்று தங்கள் சங்கேதத்தில் அனுப்பினார்கள். எதிரியின் வாயில் நாம் விரும்பும் வார்த்தையைப் போடுவது அவ்வளவு சுலபம்.

இதற்கும் மேலே ஒருவன் உண்டு. விரும்பிய செய்தியைப் பூட்டவும் வைப்பான், விரும்பிய சங்கேதத்தைத் திறக்கவும் வைப்பான், வந்த விடையைப் பார்த்துவிட்டு அடுத்த கேள்வியையும் தீர்மானிப்பான். உச்சாணிக் கிளையில் இருப்பவன் இன்னொருவன். ஒரே பூட்டை ஒன்றுக்கொன்று உறவுள்ள பல சாவிகளால் பூட்ட வைத்து வேடிக்கை பார்ப்பவன். இவனைப் பின்னால் சந்திப்போம்.

ஹார்ஸ்ட் ஃபைஸ்டல் ஜெர்மனியில் பிறந்து 1934-இல் அமெரிக்கா போனவர். ஐ.பி.எம். நிறுவனத்தில் இவர் செய்த லூசிஃபர் என்ற சைஃபர்தான் இன்றைய பூட்டுகளுக்கு மூதாதை. ஃபைஸ்டலின் தந்திரம் அழகானது. துண்டை இடது, வலது என்று இரண்டு பாதியாக வெட்டு. வலது பாதியை ஒரு கலக்கும் இயந்திரத்தில் போட்டு, வந்ததை இடது பாதியோடு எக்ஸ்-ஆர் செய். பாதிகளை இடம் மாற்று. இதுதான் ஒரு சுற்று. இப்படிப் பல சுற்று. கலக்கும் இயந்திரம் பின்னோக்கி ஓடக்கூடியதாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை, ஆனாலும் மொத்தப் பூட்டும் திறக்கும். டிஜிட்டல் பேப்பரில் எக்ஸ்-ஆர் கேட் போட்டவர்கள் ஒரு தாளில் எழுதிப் பார்த்தால் இரண்டே நிமிடத்தில் புரிந்துவிடும்.

லூசிஃபரின் வாரிசுதான் டி.இ.எஸ். 1977-இல் அமெரிக்க அரசின் தரமாக ஆனது. 64 பிட் துண்டு, 56 பிட் சாவி, 16 சுற்று. வடிவமைப்பில் என்.எஸ்.ஏ. என்ற உளவு நிறுவனத்தின் கை இருந்தது ஊருக்கே தெரியும். உள்ளே இருக்கும் எட்டு எஸ்-பாக்ஸ் அட்டவணைகளை ஏன் அப்படி அமைத்தார்கள் என்று மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. ஒரு தேற்றமும் கிடையாது. "நம்புங்கள்" என்றார்கள், அவ்வளவுதான். சாவி ரொம்பச் சின்னது, 2 கோடி டாலர் செலவழித்தால் ஒரே நாளில் கண்டுபிடிக்கும் இயந்திரம் கட்டலாம் என்று டிஃபியும் ஹெல்மனும் 1977-லேயே கணக்குப் போட்டுக் காட்டினார்கள். 1998-இல் இ.எஃப்.எஃப். என்ற அமைப்பு இரண்டரை லட்சம் டாலருக்குள் அப்படி ஓர் இயந்திரத்தைக் கட்டி, 56 மணி நேரத்தில் சாவியைக் கண்டுபிடித்துக் காட்டியது. சாவியின் நீளம் பற்றிய சண்டை அதோடு முடிந்தது.

எஸ்-பாக்ஸ் மர்மம் அதற்கு முன்பே வேறு பக்கத்திலிருந்து விலகியது. இஸ்ரேலின் எலி பிஹாமும் அடி ஷமீரும் 1990-இல் ஒரு புதிய தாக்குதலை வெளியிட்டார்கள். இரண்டு செய்திகளைக் குறிப்பிட்ட ஒரு வித்தியாசத்தோடு தேர்ந்தெடுத்துப் பூட்ட வை. அந்த வித்தியாசம் ஒவ்வொரு சுற்றிலும் என்ன ஆகிறது என்று தொடர்ந்து போ. கலக்கல் எங்கேயாவது ஒரு பக்கமாகச் சாய்ந்தால், அந்தச் சாய்வே சாவியைக் காட்டிக் கொடுத்துவிடும். அந்தக் காலத்துப் பல சைஃபர்கள் இதில் சீட்டுக் கட்டு வீடு மாதிரி சரிந்தன. டி.இ.எஸ். மட்டும் மசியவில்லை. 1992-இல் 16 சுற்றுக்கும் அவர்கள் கண்ட தாக்குதலுக்கு, தேர்ந்தெடுத்த செய்திகள் 2-இன் 47-ஆம் அடுக்கு அளவுக்குத் தேவைப்பட்டன. எப்படி இவ்வளவு தாங்கியது? ஐ.பி.எம்.மின் டான் காப்பர்ஸ்மித் 1994-இல் எழுதிய கட்டுரையில் பதில் வந்தது. இந்தத் தாக்குதல் தங்களுக்கு 1974-லேயே தெரியும், எஸ்-பாக்ஸை அதைத் தாங்கும்படிதான் அமைத்தோம், என்.எஸ்.ஏ. கேட்டுக்கொண்டதால் வெளியே சொல்லவில்லை என்றார். பதினாறு வருடம் ஒரு விஷயத்தை வயிற்றுக்குள் வைத்திருந்தார்கள்!

ஆனால் அவர்களும் எதிர்பார்க்காத பக்கத்திலிருந்து இன்னொருவர் வந்தார். மிட்சுபிஷி நிறுவனத்தின் மிட்சுரு மட்சுயி 1993-இல் வேறு வகைச் சாய்வைக் கண்டார். வித்தியாசத்தைத் தொடராமல், உள்ளே போகும் சில பிட்டுகளின் எக்ஸ்-ஆருக்கும் வெளியே வரும் சில பிட்டுகளின் எக்ஸ்-ஆருக்கும் உள்ள லேசான ஒற்றுமையைப் பிடித்தார். அடுத்த வருடம் 12 ஒர்க்ஸ்டேஷன்களை 50 நாள் ஓட வைத்து, டி.இ.எஸ். சாவியை நிஜமாகவே எடுத்துக் காட்டினார். தெரிந்த தாக்குதலுக்குத் தடுப்புப் போட்டவர்களை, தெரியாத தாக்குதல் வந்து தொட்டுவிட்டது. இந்தக் கதையில் இது திரும்பத் திரும்ப வரப் போகிறது.

இதற்கு நடுவே கணக்கு ஆசாமிகள் சும்மா இருக்கவில்லை. மைக்கேல் லூபியும் சார்லஸ் ராக்காஃபும் 1988-இல் வெளியிட்ட தேற்றம்தான் இந்தத் துறையில் உண்மையான முதல் நிரூபணம் என்பேன். ஃபைஸ்டல் அமைப்பை எடுத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார்கள். ஒவ்வொரு சுற்றிலும் உள்ள கலக்கும் இயந்திரம் கணிக்கவே முடியாத அளவுக்கு நல்லதாக இருந்தால், எத்தனை சுற்று போதும்?

இரண்டு சுற்று போதாது. காரணத்தை நாமே பார்க்கலாம். வலது பாதி ஒன்றாகவும் இடது பாதி வேறாகவும் உள்ள இரண்டு செய்திகளைப் பூட்டுங்கள். இரண்டு சுற்றுக்குப் பின் வெளியே வரும் இடது பாதி, உள்ளே போட்ட இடது பாதியோடு முதல் இயந்திரத்தின் விடையை எக்ஸ்-ஆர் செய்தது, அவ்வளவுதான். வலது பாதி ஒன்றேதான் என்பதால் அந்த விடை இரண்டிலும் ஒன்றே. இரண்டு சங்கேதங்களின் இடது பாதிகளையும் எக்ஸ்-ஆர் செய்தால் இயந்திரம் அடிபட்டுப் போய், நாம் போட்ட வித்தியாசம் அப்படியே வந்து நிற்கும். குலுக்கிய சீட்டில் இப்படி வருமா? மூன்று சுற்று இருந்தால், விரும்பிய செய்தியைப் பூட்ட வைப்பவன் தோற்கிறான். நான்கு இருந்தால், பூட்டவும் திறக்கவும் வைக்கும் பலசாலியும் தோற்கிறான். திருடன் என்ன வழியில் யோசித்தாலும் சரி, கேள்வி கேட்கும் எண்ணிக்கை ஒரு வரம்புக்குள் இருக்கும் வரை அவன் ஜெயிக்க மாட்டான் என்பதுதான் இந்தத் தேற்றத்தின் பெருமை.

அப்படியானால் 16 சுற்று டி.இ.எஸ். பாதுகாப்பானது என்று ஆகிவிட்டதா? இல்லை. தேற்றத்தின் "இருந்தால்" என்ற சொல்லை யாரும் கவனிப்பதில்லை. சுவர் கட்டும் முறை சரி என்று அது சொல்கிறது. டி.இ.எஸ். சுட்ட செங்கலைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. வரம்பையும் பாருங்கள். 64 பிட் துண்டு என்றால், அந்த நிரூபணத்தின் உத்தரவாதம் சுமார் 2-இன் 16-ஆம் அடுக்கு, அதாவது 65,536 துண்டுகளோடு தீர்ந்துபோகிறது. மொத்தம் அரை மெகாபைட். ஒரு நல்ல போட்டோவுக்குக்கூடக் காணாது.

அடுத்தது கைசா நைபெர்க், லார்ஸ் க்னூட்சன் இருவரின் கதை. எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். நைபெர்க் பின்லாந்துக் கணிதப் பெண்மணி, க்னூட்சன் டென்மார்க்காரர். "செங்கல் நல்லதாக இருந்தால்" என்ற பேச்சு வேண்டாம், நிஜமான செங்கலை வைத்தே நிரூபிப்போம் என்று கிளம்பினார்கள். பிஹாம்-ஷமீர் தாக்குதல் எதை நம்பியிருக்கிறது? ஏதாவது ஒரு வித்தியாசம் பெரிய நிகழ்தகவோடு ஊடுருவிப் போவதை. எந்த வித்தியாசத்துக்கும் அந்த நிகழ்தகவு இதற்கு மேல் போகாது என்று காட்டிவிட்டால் தீர்ந்தது. 33 பிட் எண்களின் உலகத்தில் ஓர் எண்ணை மூன்று தடவை பெருக்கும் கனச் சார்பு இதற்குக் கச்சிதமாகப் பொருந்தியது. அதை வைத்து ஆறு சுற்று ஃபைஸ்டல் சைஃபர் ஒன்றைச் சொன்னார்கள். 1992-இல் மாநாட்டிலும் 1995-இல் ஆய்வு இதழிலும் வந்தது. சுத்தமான, நாலு பக்கமும் அடைத்த நிரூபணம்.

1997-இல் அது உடைந்தது. உடைத்தவர்கள் தாமஸ் யாகோப்சென் என்பவரும், லார்ஸ் க்னூட்சனும். ஆமாம், அதே க்னூட்சன்தான்! தன் பிள்ளையைத் தானே தேர்வில் ஃபெயில் போட்ட வாத்தியார் மாதிரி. எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது இதனால்தான்.

எப்படி உடைந்தது? நியூமெரிக்கல் மெத்தட்ஸ் பேப்பர் ஞாபகம் இருக்கிறதா? வித்தியாச அட்டவணை போடுவோமே! இருபடிச் சமன்பாடு என்றால் முதல் வித்தியாசம், அடுத்தது இரண்டாம் வித்தியாசம், அத்தோடு எல்லாம் ஒரே எண்ணாக நின்றுவிடும். கனச் சார்பு பார்வைக்கு மூன்றாம் படி. ஆனால் பிட்டுகளின் கணக்கில் அதற்கு இரண்டாம் படிதான். ஆறு சுற்று போனாலும் மொத்தப் படி அவ்வளவாக ஏறவில்லை. வித்தியாசத்தின் வித்தியாசம், அதன் வித்தியாசம் என்று எடுத்துக்கொண்டே போனால் ஓர் இடத்தில் எல்லாம் மாறிலியாகிவிடுகிறது. அங்கே சாவி தானாக விழுகிறது. ஒரு தடவை வித்தியாசம் எடுப்பவனுக்கு எதிராகத்தான் நிரூபித்தார்கள். இவர்கள் பல தடவை எடுத்தார்கள். முதலாமவனுக்கு எதிரான தேற்றம் இன்றைக்கும் உண்மைதான். பூட்டுத்தான் இல்லை. அந்தப் பூட்டைச் சிறப்பாக்கிய குணம், அதாவது எளிய இயற்கணித வடிவம், நிரூபணத்தைச் சாத்தியமாக்கியது. அதே குணம்தான் அதைக் கொன்றது.

இதே காலத்தில் பிரான்சின் செர்ஜ் வோதனே இன்னும் பரந்த ஒரு கோட்பாட்டோடு வந்தார். தாக்குதல்களை ஒவ்வொன்றாகப் பட்டியல் போட்டுத் தடுப்பதற்குப் பதில், திருடன் ஒரே நேரத்தில் எத்தனை செய்திகளைச் சேர்த்துப் பார்க்கிறான் என்பதை வைத்து அவனை வகைப்படுத்தினார். இரண்டிரண்டாகப் பார்ப்பவனுக்கு எங்கள் சைஃபரும் முழுக்கக் குலுக்கிய சீட்டும் ஒரே மாதிரி தெரியும் என்று நிரூபித்துவிட்டால், பிஹாம்-ஷமீர் வகையும் மட்சுயி வகையும் ஒரே அடியில் போயின. இந்த முறையில் அவர் 1998-இல் அமைத்த சைஃபரின் பெயர் கோகோநட்98. தேங்காய்தான்! நடுவில் கெட்டியான ஓடு மாதிரி ஒரு பெருக்கல், அதன் இரு பக்கமும் நான்கு நான்கு ஃபைஸ்டல் சுற்று.

1999-இல் அந்தத் தேங்காயை உடைத்தவர் பெர்க்லியில் அப்போது ஆராய்ச்சி மாணவராக இருந்த டேவிட் வாக்னர். தாக்குதலின் பெயர் பூமராங். முதலில் ஒரு ஜோடி செய்திகளைப் பூட்ட வைத்தார். வந்த இரண்டு சங்கேதங்களையும் கொஞ்சம் மாற்றித் திறக்க வைத்தார். திரும்பி வந்த ஜோடியில் பழைய வித்தியாசம் மறுபடி தெரிகிறதா என்று பார்த்தார். நடு ஓட்டை ஊடுருவிப் போகும் வித்தியாசம் என்ன ஆகும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. நிரூபணத்தின் பலமே அதுதான். ஆனால் சாவி மாறாத வரை அது எதுவாக மாறினாலும் ஒரே மாதிரிதான் மாறும். போகிற வழியில் தெரியாத ஒன்றாக மாறியது, வருகிற வழியில் அதே போலத் திரும்பி மாறிவிடுகிறது. ஓடு இருந்த சுவடே இல்லை. தேவைப்பட்டது 2-இன் 16-ஆம் அடுக்குக் கேள்விகள் மட்டுமே. இரண்டு செய்திகளைச் சேர்த்துப் பார்ப்பவனுக்கு எதிராக வோதனே நிரூபித்தார். வாக்னர் நான்கைச் சேர்த்துப் பார்த்தார். இதிலும் தேற்றத்துக்கு ஒரு கீறலும் இல்லை.

இதைப் படித்துவிட்டு "அப்போ நிரூபணமே வெட்டி வேலையா சார்?" என்று கேட்கும் தம்பிகளுக்கு ஏ.இ.எஸ். கதையைச் சொல்ல வேண்டும். 1997-இல் அமெரிக்கத் தர நிறுவனம் புது சைஃபருக்கு உலகத்தையே அழைத்தது. 1998-இல் 15 சைஃபர்கள் போட்டியில் நின்றன. வோதனேயின் கோட்பாட்டில் பிறந்த ஒன்றும் அதில் உண்டு, அது கடைசிச் சுற்றுக்கு வரவில்லை. 2000 அக்டோபரில் ஜெயித்தது ஜோன் டேமன், வின்சென்ட் ரைமன் என்ற இரு பெல்ஜியக்காரர்களின் சைஃபர். 2001 நவம்பரில் ஏ.இ.எஸ். என்ற பெயரில் தரமானது. உங்கள் வீட்டு வைஃபை முதல் என் மீட்டர் வரைக்கும் இன்று ஓடுவது அதுதான்.

இவர்கள் முழு நிரூபணம் என்று பெருமை பேசவில்லை, ஆனால் கணக்கை விடவும் இல்லை. எஸ்-பாக்ஸுக்கு நைபெர்க் 1993-இல் ஆராய்ந்த தலைகீழ்ச் சார்பை எடுத்துக்கொண்டார்கள். எந்த வித்தியாசத்தை உள்ளே விட்டாலும் நான்கு சுற்றுக்குள் குறைந்தது 25 எஸ்-பாக்ஸை அது தொட்டே ஆக வேண்டும் என்று காட்டினார்கள். ஒவ்வொரு எஸ்-பாக்ஸிலும் அது தப்பிக்கும் நிகழ்தகவு அதிகபட்சம் 2-இன் 6-ஆம் அடுக்கில் ஒரு பங்கு. இருபத்தைந்தாறு நூற்றைம்பது. அதாவது ஒரு தடத்தில் நான்கு சுற்றையும் தாண்டும் வாய்ப்பு 2-இன் 150-ஆம் அடுக்கில் ஒரு பங்கு. உள்ளே போடக்கூடிய செய்திகளின் மொத்த எண்ணிக்கையே 2-இன் 128-ஆம் அடுக்குதான். ஐந்தாம் வகுப்புப் பெருக்கலில் முடிகிற இந்த வாதம்தான் இந்தத் துறையிலேயே எனக்கு மிக அழகாகப் படுகிறது. நான்கில் இவ்வளவு என்றால் பத்து சுற்று எதற்கு? இன்னும் பெயர் வைக்காத பூமராங்குகளுக்காக.

இப்போது அந்த உச்சாணிக் கிளை ஆசாமி. 2009-இல் பிர்யுகோவும் கோவ்ரடோவிச்சும், 256 பிட் சாவி கொண்ட ஏ.இ.எஸ்.ஸை, உறவுள்ள நான்கு சாவிகளால் பூட்ட வைத்தால் 2-இன் 99.5-ஆம் அடுக்கு வேலையில் உடைக்கலாம் என்று காட்டினார்கள். செய்து முடிக்கிற வேலை இல்லைதான், ஆனால் 256-ஐ எதிர்பார்த்த இடத்தில் நூறுகூட இல்லை. 25 எஸ்-பாக்ஸ் கணக்கு இங்கே ஏன் உதவவில்லை? அந்தக் கணக்கில் வித்தியாசம் செய்தி வழியாக மட்டும்தான் நுழைகிறது. இவர்கள் சாவி வழியாக நுழைத்தார்கள்.

"உறவுள்ள சாவியெல்லாம் கட்டுரைக்குள் மட்டும்தான்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டியைக் கேட்டுப் பாருங்கள். அதன் முதல் தலைமுறையின் ஒரு பதிப்பில், பூட் ஆகும்போது மென்பொருளை யாரும் மாற்றவில்லையா என்று சரிபார்க்க டீ என்ற சின்ன சைஃபரைப் பயன்படுத்தினார்கள். அந்த சைஃபரில் ஒவ்வொரு சாவிக்கும் இன்னும் மூன்று இரட்டைப் பிறவிகள் உண்டு, குறிப்பிட்ட இரண்டு பிட்டைச் சேர்த்துப் புரட்டினாலும் விடை மாறாது. ஆராய்ச்சியாளர்கள் 1990-களிலேயே இதை எழுதிவைத்துவிட்டார்கள். பூட்டு என்ற வகையில் அது பெரிய குறையும் இல்லை. ஆனால் சரிபார்க்கும் வேலைக்கு வைத்ததும் சாவி இருக்க வேண்டிய இடத்தில் மென்பொருளே வந்து உட்கார்ந்தது. இரண்டு பிட்டைப் புரட்டி, பெட்டியைத் தாங்கள் சொன்ன இடத்துக்குத் தாவ வைத்துவிட்டார்கள்.

என் அனுபவத்திலும் ஒன்று. சில வருடம் முன்பு ஒரு நிறுவனத்தின் மீட்டர் வடிவமைப்பைச் சரிபார்க்கும் வேலை வந்தது. ஏ.இ.எஸ். போட்டிருந்தார்கள், செய்திகளைக் கோத்த முறைக்கும் நிரூபணம் உண்டு. எல்லாம் சரி. ஒவ்வொரு மீட்டருக்கும் சாவி எங்கிருந்து என்று பார்த்தால், ஒரு தாய்ச் சாவியோடு மீட்டரின் வரிசை எண்ணை எக்ஸ்-ஆர் செய்திருந்தார்கள்! வரிசை எண் மீட்டரின் முகத்திலேயே அச்சடித்திருக்கும். எவனாவது ஒரே ஒரு மீட்டரைப் பிரித்து அதன் சாவியை எடுத்துவிட்டால், தாய்ச் சாவியும் அத்தனை வீட்டுச் சாவியும் அவன் கையில். ஒன்றையும் பிரிக்காவிட்டாலும், எந்த மீட்டர் சாவிக்கும் இன்னொன்றுக்கும் என்ன உறவு என்பது தெருவில் நடக்கிறவனுக்கே தெரியும். அவர்கள் காட்டிய நிரூபணத்தில் "சாவிகள் ஒன்றுக்கொன்று தொடர்பின்றித் தேர்ந்தெடுக்கப்படும்" என்று முதல் வரியிலேயே இருந்தது. வரிசை எண்ணைத் தாய்ச் சாவியால் ஏ.இ.எஸ். போட்டுப் பூட்டி, வருவதை மீட்டர் சாவியாக வைக்கச் சொன்னேன். நாலு வரி மாற்றம். அதை ஒப்புக்கொள்ள வைக்க மூன்று மீட்டிங் ஆனது வேறு கதை.

கடைசியாக, நிஜமான ஏ.இ.எஸ்.ஸுக்கே நிரூபணம் உண்டா? இந்தப் பக்கம் சமீபத்தில்தான் நகர ஆரம்பித்திருக்கிறது. 2021-இல் தியான்ரென் லியு, ஸ்டெஃபானோ தெசாரோ, வினோத் வைகுந்தநாதன் மூவரும் வோதனேயின் பழைய கேள்வியை ஏ.இ.எஸ்.ஸிடம் கேட்டார்கள். செய்திகளை இரண்டிரண்டாகப் பார்ப்பவனுக்கு இது குலுக்கிய சீட்டு மாதிரி தெரியுமா? வைகுந்தநாதன் 2003-இல் சென்னை ஐ.ஐ.டி.யில் பி.டெக். முடித்தவர், நமக்குப் பக்கத்து வீடு. தெரியும் என்று நிரூபணம் கிடைத்தது. ஆனால் நாம் எதிர்பார்க்கும் 2-இன் 128-ஆம் அடுக்கு நெருக்கத்துக்கு 9000 சுற்றுக்கு மேல் வேண்டும், ஒவ்வொரு சுற்றின் சாவியும் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்ததாகவும் இருக்க வேண்டும். 2023-இல் பெலெகானோஸ் என்பவரும் சேர்ந்து, அதை 192 சுற்றுக்குக் கொண்டுவந்தார்கள்.

நம் மீட்டரில் ஓடுவது பத்து சுற்று, எல்லாம் ஒரே சாவியிலிருந்து பிறந்தவை. 192-க்கும் பத்துக்கும் நடுவே உள்ளதை இருபது வருடத்துக்கு மேலாக உலகம் முழுவதும் ஆட்கள் தாக்கிப் பார்த்தும் கோட்டை நின்றிருக்கிறது என்ற அனுபவத்தை வைத்துத்தான் நிரப்பிக்கொண்டிருக்கிறோம். நான்காம் வருட புராஜெக்டுக்குத் தலைப்புத் தேடும் தம்பி தங்கைகள் இருந்தால், 2023 கட்டுரையை எடுத்து முதலில் மூன்று சுற்று பொம்மை சைஃபர் ஒன்றில் போட்டுப் பாருங்கள். லீனியர் ஆல்ஜீப்ராவும் மார்க்கோவ் சங்கிலியும் தெரிந்தால் பாதி தூரம் போய்விடலாம். மீதிப் பாதியில் எங்கே மாட்டிக்கொண்டீர்கள் என்று அடுத்த சந்திப்பில் என்னைப் பிடித்துச் சொல்லுங்கள், எனக்கும் அங்கேதான் வேலை நிற்கிறது.